மலைக்காத்துல ஆக்சிஜன் கம்மி, அதனாலதான் எனக்கு வலி நின்னு போச்சா?

நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. மூத்த புள்ளைக்கு இப்ப நாலு வயசு. அந்தப் பிரசவத்துல விடியக்காலையில வலி தொடங்கி, மத்தியானம் வரைக்கும் நல்லா வந்துக்கிட்டு இருந்து, பொறகு கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சு போயிருச்சாம். வலி வர ட்ரிப் போட்டாங்க, கொஞ்ச நேரத்துல அதை நிப்பாட்டினாங்க, மறுபடி போட்டாங்க, கடைசியில ராத்திரி சீசர் பண்ணித்தான் புள்ளைய எடுத்தாங்களாம். இப்ப ரெண்டாவது, ஆறு மாசம். போன கிளினிக்ல எச்.பி. (ரத்தத்துல ஆக்சிஜனைச் சொமக்கிற ஹீமோகுளோபின் அளவு) 9ன்னு கார்டுல எழுதியிருக்கு. மாமியார் சொல்றாங்களாம், "இந்த மலையில காத்து கம்மி, கர்ப்பப்பைக்கு மூச்சு பத்தல, அதான் வலி நின்னுச்சு, இந்த வாட்டி ஏழாம் மாசமே கொழும்புக்கு எறங்கிரு, அண்ணன் வீடு இருக்கில்ல"ன்னு. புருஷன் கொரோனா நேரம் வாங்கின ஆக்சிமீட்டர்ல (ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு காட்டுற மெஷின்) வெரல வச்சுப் பாத்தா 96 காட்டுதாம், அது போதுமா, வலி வரும்போது ஆக்சிஜன் மாஸ்க் போடச் சொல்லி நாங்களே கேக்கலாமா, இதுதான் கேள்வி.

தங்கச்சி, நேரடியா சொல்லிர்றேன். நுவரெலியாக் காத்து உங்க வலிய நிப்பாட்டல. ஆனா மாமியார் சொன்னதை முழுசா தள்ளவும் முடியாது, ஆக்சிஜனுக்கும் கர்ப்பப்பை சுருங்குறதுக்கும் உள்ள சம்பந்தம் நெசமாவே பெருசு. அவங்க காத்துல தேடுறாங்க, தேட வேண்டியது உங்க ரத்தத்துல.

கர்ப்பப்பைங்கிறது முக்காவாசி வெறும் தசைதான். சாதாரண நேரத்துல 60, 70 கிராம் இருக்கிறது, மாசம் முடியுறப்போ 1 கிலோ அளவுக்கு வந்துரும். அதுக்கு ரத்தம் கொண்டு போற கொழாய்ங்க எல்லாம் அந்தத் தசை நாருங்களுக்கு நடுவுல நுழைஞ்சுதான் போகுது, கடைசி மாசத்துல நிமிஷத்துக்கு அரை லீட்டருக்கு மேல அந்த வழியா ரத்தம் ஓடும். இப்ப வலி வருதுன்னு வைங்க, தசை இறுகுது, இறுகும்போது தன் நடுவுல ஓடுற கொழாயையும் சேத்து நசுக்கிருது, ரத்த ஓட்டம் கொறையுது, வலி உச்சத்துல இருக்கும்போது ரொம்பவே கொறைஞ்சிரும். அதாவது ஒவ்வொரு வலியிலயும் கர்ப்பப்பை தன்னோட ஆக்சிஜனை தானே அடைச்சுக்குது. ஒரு நிமிஷம் போல இருக்கும். பொறகு தசை தளரும், ரத்தம் திரும்பப் பாயும், அடுத்த வலிக்குத் தயாராகும். இது கொழும்புல பெத்தாலும் இப்படித்தான், இங்க மலையில நானுஓயாவுல பெத்தாலும் இப்படித்தான்.

அந்த ஒரு நிமிஷத்துல தசைக்குள்ள என்னா நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன், இது வெளங்குனாத்தான் உங்க ட்ரிப் கதையும் வெளங்கும். தசை சுருங்கணும்னா செல்லுக்குள்ள கால்சியம் நுழையணும், சக்தியும் வேணும். ஆக்சிஜன் கொறைஞ்சா சக்தி கொறையுது, லாக்டிக் அமிலம் சேருது, தசைக்குள்ள புளிப்பு ஏறுது. புளிப்பு ஏறினா கால்சியம் நுழையுற வாசல் பாதி மூடிரும். கால்சியம் கம்மியானா இறுக்கமும் தளரும். இதைக் கோளாறுன்னு நெனைக்காதீங்க, என்னையக் கேட்டா இது புள்ளைக்குன்னு வச்ச ஒரு காவல். வலி தளராம இறுகினபடியே நின்னா நச்சுக்கொடிக்குப் போற ரத்தமும் நின்னுரும். தசை தன் மூச்சுத் திணறலாலயே தளர்ற மாதிரி அமைஞ்சிருக்கு, அந்தத் தளர்ச்சியிலதான் புள்ளைக்கு ஆக்சிஜன் போகுது.

இன்னொரு பக்கமும் இருக்கு, அது எனக்கே படிக்கும்போது ஆச்சரியமா இருந்திச்சு. 2015ல இங்கிலாந்து லிவர்பூல் பல்கலைக்கழகத்துல சூசன் ரேங்கிற ஆராய்ச்சியாளரோட குழு, கர்ப்பமான எலியோட கர்ப்பப்பைத் தசைய எடுத்து கொஞ்ச நேரம் ஆக்சிஜனைக் கொறைச்சு, திரும்பக் கொடுத்து, திரும்பக் கொறைச்சு, இப்படி மாத்தி மாத்திப் பாத்தாங்க. ஆக்சிஜன் இல்லாத நேரம் சுருக்கம் தளந்திச்சு, அது எதிர்பாத்ததுதான், ஆனா ஆக்சிஜன் திரும்பி வந்ததும் முன்ன இருந்ததை விட பலமா சுருங்க ஆரம்பிச்சிருச்சு, அதுவும் படிப்படியா கூடிக்கிட்டே போச்சு. பிரசவத்துல தொடக்கத்துல வர்ற வலிய விட நேரம் போகப் போக வர்ற வலி ஏன் கனமா இருக்குங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. ஆக, ஆக்சிஜன் கொறையுறது வலிய நிப்பாட்டுமா கூட்டுமான்னு கேட்டா, ரெண்டும் செய்யும். கொஞ்ச நேரம் கொறைஞ்சு, நடுவுல நல்லா இடைவெளி விட்டு, திரும்ப நிறைஞ்சா வலிக்கு பலம் கூடும். இடைவெளி பத்தாம, புளிப்பு கழுவிப் போகாம, மேல மேல சேந்துக்கிட்டே போனா தசை அசந்து போகும். எல்லாமே அந்த இடைவெளியிலதான் இருக்கு.

சரி, உங்க ட்ரிப்புக்கு வருவோம். "போட்டாங்க, நிப்பாட்டினாங்க, போட்டாங்க, அவங்களுக்கே தெரியலையா"ன்னு கோவமா எழுதியிருக்கீங்க. தெரிஞ்சுதான் பண்ணியிருப்பாங்க. அந்த ட்ரிப்புல இருக்கிறது ஆக்சிடோசின், வலியக் கூட்டுற மருந்து. அது சில பேருக்கு அளவுக்கு மேல வேலை செய்யும், 10 நிமிஷத்துல அஞ்சு வலிக்கு மேல வந்திரும், நடுவுல மூச்சு விட நேரமே இருக்காது. அப்ப தசைக்கும் கஷ்டம், புள்ளைக்கும் கஷ்டம், சி.டி.ஜி மெஷின்ல புள்ளையோட இதயத்துடிப்பு எறங்குறது தெரியும். ஒடனே ட்ரிப்பைக் கொறைக்கணும், இல்லாட்டி நிப்பாட்டணும், தாயை எடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். துடிப்பு சரியானா திரும்ப மெதுவா தொடங்கலாம். நீங்க எழுதினதை வச்சுப் பாத்தா இதுதான் நடந்திருக்கும் போல. ஆனா அப்ப ஆஸ்பத்திரியில குடுத்த டயக்னோசிஸ் கார்டைப் பாக்காம நான் முடிவா சொல்ல மாட்டேன், அதைக் கட்டாயம் கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போங்க.

அதோட வலி நின்னு போறதுக்கு ஆக்சிஜன் மட்டும் காரணம்னு நெனைச்சிராதீங்க. புள்ளை தலைய எப்படித் திருப்பி வச்சிருந்திச்சு, தலை பெருசா இடுப்பு சின்னதா, காய்ச்சல் இருந்திச்சா, தண்ணி சாப்பாடு இல்லாம கெடந்தீங்களா, பயமா, இப்படி எத்தனையோ. சில நேரம் புள்ளை எறங்க முடியாம மாட்டிக்கிட்டதாலதான் கர்ப்பப்பை மணிக்கணக்கா முட்டி முட்டி அசந்து போகும், அப்ப அசந்து போனது காரணம் இல்ல, வெளைவு. 2004லயும் அதே லிவர்பூல்லதான் இதைப் பாத்தாங்க, வலி சரியா முன்னேறாம சீசர் பண்ணின தாய்மாரோட கர்ப்பப்பை ரத்தத்துல புளிப்பும் லாக்டிக் அமிலமும் கூடவும் ஆக்சிஜன் கொறைவாவும் இருந்திச்சு. இதைப் படிச்சுட்டு சுவீடன்ல பிரசவம் இழுத்துக்கிட்டு இருந்த தாய்மாருக்கு, ஆக்சிடோசின் போட முந்தி, புளிப்பைக் கொறைக்கிற பைகார்பனேட் கரைச்சுக் குடுத்துப் பாத்தாங்க, 2018ல வந்த அந்த ஆய்வுல நல்ல பலன் தெரிஞ்சிச்சு. ஆனா இதைச் சொன்ன ஒடனே யாராவது வீட்டுல அப்பச்சோடாவக் கரைச்சுக் குடுத்துருவாங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு. தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க. அது ஆஸ்பத்திரிக்குள்ள, அளவு பாத்து, ஆய்வுக்காகக் குடுத்தது, உப்பு ஏறினா பிரஷர் உள்ளவங்களுக்கு ஆபத்து.

இப்ப மலை. நுவரெலியா டவுன் கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர். காத்துல ஆக்சிஜன் பங்கு எங்க போனாலும் 21 சதவீதம்தான், காத்தோட அழுத்தம்தான் கொறையுது, நுவரெலியாவுல கடலோரத்துல இருக்கிறதுல கிட்டத்தட்ட 80 சதவீதம். கேட்டா பெருசா தெரியும். ஆனா ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் இந்த அளவு எறக்கத்துலயும் ஆக்சிஜனை நல்லாவே புடிச்சுக்கும், அதோட கர்ப்பமானாலே ஹார்மோனால நீங்க முன்ன விட கூடுதலா மூச்சு இழுக்கிறீங்க. அதனாலதான் 1,868 மீட்டர்லயும் மெஷின் 96 காட்டுது. ஒசரத்தால புள்ளை எடை கொறையுறது, கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் கொறையுறது, இதெல்லாம் நெசம்தான், ஆனா அந்த ஆய்வெல்லாம் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல வாழுற சனங்கள வச்சுச் செஞ்சது, பொலிவியாவுல லா பாஸ், அமெரிக்காவுல கொலராடோ மலை, திபெத், அந்த மாதிரி. நம்ம நாட்டுலயே ஒசந்த பிதுருதலாகலை உச்சியே 2,524 மீட்டர்தான், அங்க யாரு லயன் (தோட்டத்து வரிசை வீடு) கட்டிக் குடியிருக்கா?

கணக்குப் போட்டே பாக்கலாம், சின்னக் கணக்குதான். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமாரா 1.34 மில்லி ஆக்சிஜன் சொமக்கும். எச்.பி. 12 இருக்கிற ஒருத்தி கொழும்புல, மெஷின்ல 98 காட்டுது, அவ ரத்தத்துல 100 மில்லிக்கு கிட்டத்தட்ட 15.8 மில்லி ஆக்சிஜன். அதே ஆளு நுவரெலியாவுக்கு ஏறி வந்து 95 காட்டினா 15.3. மலை எடுத்தது அவ்வளவுதான். இப்ப எச்.பி. 9 உள்ளவ கொழும்புலயே இருக்கா, மெஷின்ல அதே 98, ஆனா அவ ரத்தத்துல 11.8தான். காலு பங்கு போயிருச்சு. தங்கச்சி, நீங்க அந்த 9. கொழும்புக்கு எறங்கினாலும் அந்த 9 ஒங்க கூடவே பஸ் ஏறி வரும்.

ஆக்சிமீட்டர் 96 காட்டுறதைப் பாத்து நிம்மதியா இருக்காதீங்கன்னு சொல்றதும் இதனாலதான். அது பஸ்ல சீட்டு நிறைஞ்சிருக்கான்னு பாக்கும், மொத்தம் எத்தனை பஸ் ஓடுதுன்னு பாக்காது. உங்க எச்.பி. 6க்கு எறங்கினாக்கூட அது அதே 96 காட்டிக்கிட்டு நிக்கும்.

அந்த மெஷின் ஏமாறுற இன்னொரு எடம் பொகை. லயத்துல கதவு ஜன்னல் எல்லாம் அடைச்சு, குளுருக்கு உள்ளயே வெறகு போட்டு எரிக்கிறது, கரிச்சட்டி வச்சுக் குளிர் காயுறது, இது நம்ம ஊர்ல சாதாரணம். அந்தப் பொகையில இருக்கிற கார்பன் மொனாக்சைடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஹீமோகுளோபினைப் புடிச்சுக்கும், புள்ளையோட ரத்தத்துல தாயை விடவும் கூடுதலா சேரும். மெஷினுக்கு அதையும் ஆக்சிஜனையும் பிரிச்சுத் தெரியாது, அதையும் சேத்துத்தான் 96ன்னு சொல்லும். உங்க ஊட்டுல எந்த அடுப்புன்னு நீங்க எழுதல. வெறகடுப்புன்னா சமைக்கிற நேரம் கதவைத் தொறந்து வைங்க, ஈர வெறகு போடாதீங்க, ராத்திரி கரிய உள்ள வச்சுட்டுத் தூங்கவே தூங்காதீங்க. தப்பா நெனைக்காதீங்க, வெத்திலையோட பொகையெலை போடுற பழக்கம் இருந்தா புள்ளை பொறக்குற வரைக்குமாவது விட்டுருங்க, அதுல உள்ள நிக்கோட்டின் ரத்தக் கொழாய சுருக்கும்.

எச்.பி.க்கு வருவோம், இதுலதான் உங்க கையில நெறைய இருக்கு. கர்ப்பத்துல 11க்குக் கீழ, நடு மூணு மாசத்துல 10.5க்குக் கீழ இருந்தாலே ரத்தச் சோகைன்னு உலக சுகாதார நிறுவனம் (டபிள்யூ.எச்.ஓ.) சொல்லுது, அதுவும் மலையில இருக்கிறவங்களுக்கு ஒடம்பு இயல்பாவே எச்.பி.ய கொஞ்சம் கூட்டி வச்சிருக்கும்ங்கிறதால, இங்க 9ங்கிறது கீழ இருக்கிற 9ஐ விட இன்னும் மோசம்னு எடுத்துக்கணும். எம்.ஓ.எச். (பகுதி சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்ல இரும்புச் சத்து மாத்திரை குடுத்திருப்பாங்க. அதைப் போட்டீங்களான்னு கேட்டா எல்லாருமே "போடுறேன் மிஸ்"னுதான் சொல்லுவாங்க, எதோட போடுறீங்கன்னு கேட்டாத்தான் உண்மை வரும். தேத்தண்ணியோட. நம்ம ஊர்ல தேத்தண்ணி இல்லாம எதுவும் எறங்காது, தெரியும், ஆனா தேத்தண்ணியில உள்ள சாயம் இரும்பைப் புடிச்சு வச்சுக்கிட்டு ஒடம்புல சேர விடாது. மாத்திரைக்கு முன்ன ஒரு மணி நேரம், பின்ன ரெண்டு மணி நேரம் தேத்தண்ணி வேணாம், பாலும் வேணாம். கால்சியம் மாத்திரையும் அதோட சேத்துப் போடாதீங்க, அதை வேற நேரம் போடுங்க. இரும்பு மாத்திரையோட கிளினிக்ல குடுக்கிற வைட்டமின் சி, இல்லாட்டி தேசிக்காய்த் தண்ணி, கொய்யா, இதெல்லாம் நல்லா சேர வைக்கும். வயித்தைப் பொரட்டினா ராத்திரி படுக்கப் போகும்போது போடுங்க. மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க. கிளினிக்ல வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுத்திருந்தா அதையும் குடிச்சிருங்க. திரிபோஷ சத்துமா உங்களுக்குன்னு குடுக்கிறது, மூத்தவனுக்கு உருண்டை புடிச்சுக் குடுத்துட்டு நீங்க ப்ளேன்டியோட ரொட்டிய முடிச்சுக்கிட்டா கணக்கு சரியா வராது.

ஒழுங்கா ஒரு மாசம் போட்டும் எச்.பி. ஏறலன்னா மாத்திரையவே இன்னும் இன்னும் போட்டுக்கிட்டு இருக்காதீங்க, ஏன் ஏறலன்னு பாக்கச் சொல்லுங்க. தலசீமியா மாதிரி பரம்பரையா வர்றதும் இருக்கலாம், அதுக்கு வேற டெஸ்ட் இருக்கு. இரும்புக் கொறைவுதான்னு உறுதியாகி, நாளும் நெருங்கிருச்சுன்னா ஊசி மூலமா நரம்புல இரும்பு ஏத்தலாம், அதுவும் டாக்டர் கிட்ட கேளுங்க, கேக்குறதுல வெக்கமே வேணாம்.

எச்.பி.ய ஏன் இவ்வளவு இழுக்கிறேன்னா, எனக்கு வலி நிக்கிறதை விடப் பெரிய பயம் புள்ளை பொறந்ததுக்குப் பொறகுதான். கொடி விழுந்ததும் கர்ப்பப்பை கட்டியா சுருங்கணும், தசை நாருங்க இறுகி அந்த ரத்தக் கொழாயை எல்லாம் நசுக்கித்தான் ரத்தம் நிக்குது. முதல்ல சொன்ன அதே நசுக்கல், இப்ப அதுதான் தாயோட உயிரைக் காப்பாத்துது. ரத்தச் சோகை கடுமையா இருக்கிறவங்களுக்கு இந்த எடத்துல ரத்தப்போக்கு கூடுது, பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, சாம்பியா நாடுகள்ல 10,000க்கும் மேல ரத்தச் சோகை உள்ள தாய்மாரை வச்சுச் செஞ்ச பெரிய ஆய்வுல எச்.பி. கொறையக் கொறைய ஆபத்து ஏறுனது தெளிவா தெரிஞ்சிச்சு. அதோட 12 உள்ளவ தாங்குற ரத்தப்போக்கை 8 உள்ளவ தாங்க மாட்டா.

மாஸ்க் விஷயம். ரத்தத்துல ஆக்சிஜன் அளவு சரியா இருக்கிற தாய்க்கு மாஸ்க் போட்டு புள்ளைக்கு எந்த லாபமும் இல்லன்னு ஆய்வுகள்ல தெரிஞ்சிருச்சு, அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் சங்கமும் 2022ல, அளவு சரியா இருந்தா வழக்கமா போட வேணாம்னு சொல்லிருச்சு. முன்னெல்லாம் புள்ளைத் துடிப்பு எறங்கினா மொதல் வேலையா மாஸ்க்தான், அதனால இப்ப போடலன்னா கவனிக்கலன்னு நெனைச்சுக்கிறாங்க. உங்க அளவு நெசமாவே கொறைஞ்சா அவங்களே போடுவாங்க. நீங்க கேக்க வேண்டியது வேற: மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்கவோ நடக்கவோ விடுங்க, குடிக்கலாமான்னு சொல்லுங்க. மல்லாந்து படுத்தா கர்ப்பப்பை பெரிய ரத்தக் கொழாய் மேல ஏறி உக்காந்துக்கும், எந்த மாஸ்க்கும் அதைச் சரிக்கட்டாது. வலிக்கு வலி நடுவுல ஒடம்பைத் தளர விடுங்க, பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க.

கடைசியா, கொழும்புக்குப் போறதா. காத்துக்காகப் போக வேணாம். ஆனா முதல் பிரசவம் சீசர்ங்கிறதால இதை வீட்டுலயோ தோட்டத்து ஆஸ்பத்திரியிலயோ வச்சுக்க முடியாது, ஒடனே ஆபரேஷன் பண்ணவும் ரத்தம் ஏத்தவும் வசதி உள்ள எடத்துலதான் பெக்கணும். சாதாரணமா பெத்துக்க முயற்சி பண்ணலாமாங்கிறதை உங்க வி.ஓ.ஜி. (மகப்பேற்று நிபுணர்) தான் சொல்லணும், பழைய தழும்பு கிழியுற ஆபத்து சுமாரா 200க்கு ஒண்ணு, வலி வர ட்ரிப் போட்டா அது கூடும், அதனால இந்த வாட்டி ட்ரிப்பை ரொம்ப யோசிச்சுத்தான் போடுவாங்க, போடாட்டியும் கோவிச்சுக்காதீங்க. வலிக்கு நடுவுலயும் விடாம வயிறு வலிச்சாலோ, ரத்தம் பட்டாலோ, புள்ளை ஆட்டம் கொறைஞ்சாலோ காத்துக்கிட்டு இருக்காம 1990க்கு அடிங்க, சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசம். மழைக்காலத்துல உங்க பக்கம் ரோட்டுல மண் சரியும்னா நாள் நெருங்க முந்தியே வார்டுல எடுக்கச் சொல்லி மிட்வைஃப் மிஸ் மூலமா கேட்டு வைங்க. அண்ணன் வீடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருந்து, மூத்தவனைப் பாத்துக்கவும் ஆள் இருந்தா, அதுக்காகப் போறது தப்பே இல்ல, ஆனா ஏழாம் மாசமே ஓட வேண்டியதில்ல, போனாலும் கிளினிக் கார்டும் பழைய டயக்னோசிஸ் கார்டும் கையோட இருக்கணும். அடுத்த கிளினிக்ல எச்.பி. திரும்பப் பாக்கச் சொல்லி, என்னா வந்திச்சுன்னு எனக்கு எழுதுங்க.